திடலில் குடியேறிய ஃபிளோரா

ஃபிளோரா வேலையை விட்டுவிட்ட செய்தி தம்பி கிளாட்சனுக்கு அவள் வாயால் வரவில்லை. சென்னையில் அவளோடு ஒரே அறையில் பதினோரு வருஷம் தங்கியிருந்த நர்ஸ் ஹமீதா பானுதான் பயந்துபோய்ப் போன் பண்ணினாள்.

"உங்க அக்கா பீரோவ வித்துட்டாங்க. கட்டிலையும் வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டாங்க. பாபநாசம் போறேங்கறாங்க. நீங்களாச்சும் பேசிப் பாருங்க."

கிளாட்சன் தஞ்சாவூரில் பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டான்.

"என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் ஏன் வேலைய விட்ட? ஊர்ல வந்து என்ன பண்ணப் போற?"

"இருக்கப் போறேன்டா," என்றாள் ஃபிளோரா.

இருபத்தொரு வருஷமாக அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தாள். அறை கட்டடத்துக்கு அடியில், கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில். ஜன்னல் கிடையாது. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வெளியே வருவாள். "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது சொல்வாள். அப்பா இருதயசாமி சீக்கிரமே போய்விட்டார். தம்பியைப் படிக்க வைத்ததும், அவன் வீட்டோடு இருந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு ஏழு வருஷம் டயாலிசிஸ் பார்த்ததும் அந்தச் சம்பளம்தான். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வந்தது. ஏதாவது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போய் நின்றுவிட்டது. அதற்காக அவள் யாரையும் குறை சொன்னதில்லை.

ஒரு மாசி மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து பத்தாம் நாள் ஃபிளோரா வேலைக்குத் திரும்பினாள். ஒரு சாயங்காலம் வெளியே வந்தால் தெரு முழுக்க ஈரம். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இஸ்திரி வண்டிக்காரர், "என்னா மழை! ரெண்டு மணி நேரம் ஊத்து ஊத்துன்னு ஊத்திடுச்சு" என்றார். அவளுக்குத் தலைக்கு மேல் அத்தனை மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஒரு துளி சத்தம் காதில் விழவில்லை. அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டியதில்லை, தம்பிக்குப் பணம் அனுப்ப வேண்டியதில்லை, பின்னே யாருக்காக நாளைக்கும் அந்த அறைக்குள் போகிறேன் என்று பஸ் ஸ்டாப்பில் நின்று யோசித்தாள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவது பஸ்ஸில் ஏறினாள். மறுவாரம் ராஜினாமா கொடுத்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

பாபநாசத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் வயல் இருந்தது. ஊருக்குள் இருந்த வீடு அம்மா வைத்தியத்துக்கு எப்போதோ கைமாறிவிட்டது. வயலைப் பஞ்சநதம் என்பவர் இருபத்திரண்டு வருஷமாகக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். சித்திரை வெயிலில் ஃபிளோரா அவர் வாசலில் போய் நின்றதும் மனுஷருக்கு முகம் செத்துவிட்டது. அவர் மனைவி நாகம்மாள் ஸ்டூலைப் போட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் டம்ளரைக் கீழே வைத்ததும் பஞ்சநதமே கேட்டார். "நெலத்தக் கேட்டு வந்துருக்கீங்களாம்மா?"

"வயல் உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே. அதுல கை வைக்க எனக்கு என்ன தெரியும்? பக்கத்துல திடல் இருக்குல்ல, அது எனக்கு வேணும்."

"திடலா?" நாகம்மாள் சிரித்தே விட்டாள். "அங்க கருவமுள்ளும் பாம்பும்தான இருக்கு!"

திடல் என்பது வயலை ஒட்டி நின்ற இருபது சென்ட் மேடு. ஒரு காலத்தில் அங்கே கதிரடித்திருக்கிறார்கள். அறுவடை மெஷின் வந்த பிறகு யாரும் எட்டிப் பார்க்காமல் சீமைக்கருவை மண்டிப்போய்க் கிடந்தது. "அதத்தான் கேக்கறேன்," என்றாள் ஃபிளோரா. "அங்க குடிசை போட்டுக்கிட்டு இருக்கப் போறேன்."

பஞ்சநதம் அவளை நம்பவில்லை. திடலில் ஆரம்பித்து வயலில் வந்து முடியும் என்றுதான் நினைத்தார். அதைப் பின்னால் அவரே சொன்னார்.

வரப்பு வழியாக மெஷின் போக முடியாது. கூலிக்கு வந்த இரண்டு பேர் மூன்று நாள் வெட்டிவிட்டு, முள் தாங்காமல் நின்றுவிட்டார்கள். அப்புறம் அவளே அரிவாளும் கடப்பாரையுமாக இறங்கினாள். பாபநாசத்தில் ஒரு வாடகை அறை. விடியும்போது கிளம்பி வந்து வெயில் ஏறும்வரை வெட்டுவாள், வெயில் தாழ்ந்ததும் மறுபடி வெட்டுவாள். முதல் வாரத்தில் உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறிக் கால் வீங்கிற்று. நாகம்மாள் ஊசியால் கிளறி எடுத்தாள். கருவை வேர் கையளவு விட்டுவைத்தாலும் திரும்பத் துளிர்க்கும் என்று பஞ்சநதம் சொன்னதால், ஒவ்வொரு அடிமரத்தையும் சுற்றிக் குழி பறித்து வேரோடு பிடுங்கினாள். நாற்பத்தாறு நாள் ஆயிற்று. கடைசி ஆறேழு நாள் பஞ்சநதமும் சொல்லாமல் கொள்ளாமல் கடப்பாரையோடு வந்து சேர்ந்துகொண்டார்.

மூங்கில் தூண், மண்சுவர், மேலே பட்டுக்கோட்டையிலிருந்து வந்த தென்னங்கீற்று. ஒரே அறை. நாற்பதடியில் நல்ல தண்ணீர் வந்தது; அடிபம்பு போட்டாள். கரண்டுக்கு நாலு கம்பம் வயலுக்கு நடுவே நட வேண்டும் என்றார்கள். வேண்டாமென்று ஒரு சோலார் விளக்கு வாங்கிக்கொண்டாள். கத்தரி, வெண்டை, கொத்தவரை போட்டாள். நாற்பது வாத்துக்குஞ்சு வாங்கி விட்டாள். ஒரு பழைய டி.வி.எஸ். வண்டியைப் பிடித்து, காய்கறியை அதில் வைத்துப் பாபநாசம் கடைத்தெருவில் கொண்டுபோய்ப் போட்டாள். வாத்து முட்டையிட ஆரம்பித்ததும் முட்டையும் போயிற்று.

ஊர் சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரியில் ஏதோ தப்பு நடந்து துரத்திவிட்டார்கள் என்றது ஒரு பேச்சு. எக்ஸ்ரே பட்டுப்பட்டு வியாதி வந்துவிட்டது, சாகத்தான் வந்திருக்கிறாள் என்றது இன்னொரு பேச்சு. ஆவணியில் கிளாட்சனும் அவன் மனைவி அனிட்டாவும் காரை ரோட்டில் நிறுத்திவிட்டு வரப்பில் தடுமாறி நடந்து வந்தார்கள்.

"தனியா ஒரு பொம்பள நடுவயல்ல இருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க அண்ணி?" என்றாள் அனிட்டா.

"பேசறாங்க. எனக்கே காதுல விழுது. பேசி முடிச்சிட்டு முட்டை வாங்கிட்டுப் போறாங்க."

கிளாட்சன் வேறு விஷயமாக வந்திருந்தான். "ரோட்டோரமெல்லாம் மனையாகிட்டு இருக்குக்கா. வயலையும் திடலையும் சேத்துக் கேக்கற ஆளு இருக்காங்க. தஞ்சாவூர்ல உனக்கு ஒரு ஃபிளாட் பாத்துடலாம். லிஃப்ட் இருக்கு, எங்க வீட்டுக்குப் பக்கம்."

"உன் பாகத்த என்ன வேணா பண்ணு. ஆனா அதுக்கு முன்னாடி பஞ்சநதம் அண்ணன் மூஞ்சியப் பாத்து நீயே சொல்லு. திடல்ல நான் இருக்கேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இது என்ன பிடிவாதம்?"

"ஆமா, பிடிவாதந்தான்," என்றாள். அவன் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனான். பஞ்சநதத்தின் வீட்டுப் பக்கமும் போகவில்லை.

அவள் ஆட்டமே காணவில்லை என்று சொன்னால் அது பொய். புரட்டாசியில் ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். நாகம்மாள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். மீதி நேரமெல்லாம் கூரையைப் பார்த்தபடி அவள் மட்டும்தான். ஆறாம் நாள் காலையில் பையில் துணியை அடைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய் நின்றாள். கும்பகோணம் பஸ்ஸும் வந்தது. கண்டக்டர், "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று அவசரப்படுத்தினார். வாத்துகளைத் திறந்துவிடாமல் வந்துவிட்டது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. "நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பார்த்தவர்கள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் அடித்தது. சம்பா நட்டு ஐம்பது நாள்கூட ஆகாத பயிர். நாலாம் நாள் காலையில் பார்த்தால் வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் ஒரே வெள்ளம். திடல் தீவாக நின்றது. ஃபிளோரா இடுப்பளவு தண்ணீரில் வரப்பைக் காலால் தடவித் தடவி ஊருக்கு வந்தாள். பஞ்சநதம் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ரெண்டு நாள் தண்ணி நின்னா அழுகிடும்மா. எல்லாம் போயிடும்."

"வடியாதா?"

"எங்கேருந்து வடியறது? ரோட்டுக்கு அடியில இருக்கற மதகுல ஆகாயத்தாமரை அடைச்சிக்கிட்டு கெடக்கு. மனு குடுத்துருக்கு. மெஷின் வரும்னாங்க. வர்றப்ப வரட்டும்."

ஃபிளோரா ஈரச் சேலையை இழுத்துச் செருகினாள். பிறகு, "அரிவாள் எத்தன இருக்கு அண்ணே?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"மெஷின் வர்ற அன்னிக்கு வரட்டும். நாம அதுக்குள்ள கொஞ்சம் வெட்டிடலாம்."

வடிகாலில் ஆகாயத்தாமரை பாய் விரித்ததுபோல் இருநூறடிக்கு மேல் அடர்ந்து கிடந்தது. இடையில் காட்டாமணக்கு வேறு. மேலே ஒரு ஆள் நடந்து போகலாம் போல் இருந்தது. ஃபிளோரா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். கயிற்றின் மறுநுனியை நாகம்மாள் கரையில் புளியமரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். பஞ்சநதம் அடுத்த பக்கம் இறங்கினார். துண்டு துண்டாக அறுத்து, தொரட்டியால் இழுத்துக் கரையேற்றுவது. முதல் ஒரு மணி நேரத்தில் பத்தடிகூட நகரவில்லை. ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்த ஒருவர், "இது ஆவற காரியமா?" என்றார்.

"ஆவலன்னாலும் வெட்டறது வெட்டறதுதான்," என்றாள் ஃபிளோரா, தலையைத் திருப்பாமல். "நீங்க அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டா சீக்கிரம் ஆவும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவருக்கும் கீழே ஒன்றரை ஏக்கர் பயிர் மூழ்கிக் கிடந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பத்து மணிக்கு ஏழு பேர். மத்தியானம் இருபது பேருக்கு மேல். ஊரில் டிராக்டர் வைத்திருந்த அப்துல் வஹாப் அதைக் கொண்டுவந்து, வெட்டிய பொதியைக் கயிறு கட்டி இழுத்துப் போட்டார். யாரோ தவலையில் டீ போட்டுக் கொண்டுவந்தார்கள். ஒரு தண்ணீர்ப் பாம்பு ஃபிளோராவின் தோளை ஒட்டிப் போயிற்று. அவள் கண்ணை ஒரு நிமிஷம் மூடித் திறந்தாள், அவ்வளவுதான். நாலு மணிவாக்கில் மதகு வாயில் கிடந்த கடைசிப் பொதியை டிராக்டர் பிடுங்கியது. தண்ணீர் முதலில் சுழித்தது, அப்புறம் பெரும் இரைச்சலோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாய்ந்தது. எல்லோரும் கூச்சல் போட்டார்கள். பஞ்சநதம் மட்டும் சேற்றோடு கரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை வயலில் பயிர் நுனி தெரிந்தது. ஃபிளோராவின் குடிசைதான் தாங்கவில்லை. மழையிலும் அடியில் ஏறிய தண்ணீரிலும் ஊறிப்போன தெற்குச் சுவர், அவள் வடிகாலில் நின்ற நேரத்தில் சரிந்து கூரையும் இறங்கியிருந்தது. கூரைக்கடியில் சிக்கியதும் வெள்ளத்தோடு போனதும் போக, நாற்பது வாத்தில் பதினொன்றுதான் மிஞ்சியது. இடிந்து கிடந்த மண்ணில் போர்வையைத் தேடி எடுத்துப் பிழிந்தாள். பிழியும்போது அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டுக் கொடியில் காயப்போட்டாள்.

சனிக்கிழமை கிளாட்சன் வந்தான். "இப்பவாச்சும் வாக்கா. நான் ஒண்ணும் சொல்லிக் காட்ட மாட்டேன். கிளம்பு."

"தரை மட்டம் கம்மியா வச்சது என் தப்பு," என்றாள் அவள். "மூணடி உயத்தணும். சுவர செங்கல்லுல எழுப்பணும்."

"நான் என்ன பேசறேன், நீ என்ன பேசற?"

"கிளாட்சா, இங்க உக்காரு." அவன் சரிந்த சுவர்மேல் உட்கார்ந்தான். "நான் கோவிச்சிக்கிட்டு வரல, யாரையும் வெறுத்துட்டும் வரல. அங்க இருந்தப்ப நாள் போறதே தெரியல எனக்கு. இங்க ஒவ்வொரு நாளும் தெரியுது. கஷ்டமான நாளும் தெரியுது. எனக்கு இதுதான் வேணும். சுவரு விழுந்ததுக்காக விட்டுட்டுப் போனா அப்புறம் எங்க போயி நான் இருக்கறது?"

அவன் பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தபோது பையில் லுங்கியும் பழைய சட்டையும் கொண்டுவந்திருந்தான். அன்றைக்கு முழுக்கப் பஞ்சநதம் மண் வெட்ட, அவன் சுமந்து கொட்டினான். எட்டு சனிக்கிழமை அப்படி வந்தான். அந்த நாட்களில் ஃபிளோரா நாகம்மாள் வீட்டில் படுத்துக்கொண்டாள். மூன்றடித் தரை, செங்கல் சுவர், மேலே ஓடு, ஏறுவதற்கு நாலு படி. மாசி பிறப்பதற்குள் வீடு எழுந்துவிட்டது. சம்பாவில் பஞ்சநதத்துக்கு முக்கால்வாசி தேறிற்று. வயல் பாகத்தை விற்கும் பேச்சைக் கிளாட்சன் அப்புறம் எடுக்கவில்லை. விட்டுவிட்டான் என்றும் சொல்வதற்கில்லை.

இப்போது புரட்டாசி பிறந்ததுமே ஊர்க்காரர்கள் வடிகாலில் இறங்கிவிடுகிறார்கள். எந்த நாளில் இறங்குவது என்று முடிவு செய்ய ஃபிளோராவையும் கூப்பிடுகிறார்கள். இந்தக் கார்த்திகையில் மழைத்தண்ணீர் அவள் வீட்டு இரண்டாவது படி வரை ஏறி, ஒன்றரை நாளில் இறங்கியது. வாத்துகளை முன்கூட்டியே உள்ளறையில் அடைத்து வைத்திருந்தாள். தண்ணீர் இறங்கியதும் கதவைத் திறந்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, உடைந்துபோன வரப்பை மண் போட்டு அணைக்கப் போனாள்.