மெடிக்கல் முடியும் வரை

முதன்முதலில் ஒரு காலையில் எழுந்திருக்க முடியாமல் போனபோது கட்டில் சரியில்லை என்றுதான் நினைத்தேன். இடுப்பில் பலகை வைத்துக் கட்டியதுபோல் இருந்தது. ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பள்ளியில் நின்று பாடம் நடத்தி முடிப்பதற்குள் பாதி வலி குறைந்திருந்தது. படுத்தால் கூடும், நடந்தால் குறையும். இப்படி ஒரு வலியைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

நான் திருநெல்வேலியிலிருந்து ஃபிஜிக்கு ஆசிரியை வேலைக்கு வந்தவள். அங்கே ட்ராசா என்ற ஊரில் கரும்புத் தோட்டக் குடும்பத்தில் பிறந்த தமிழரை மணந்து தலைநகர் சுவாவில் குடியிருந்தேன். 2000ஆம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்பில் நகரத்துக் கடைகள் சூறையாடப்பட்ட பிறகு, எங்கள் தெருவே நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மனுப் போட்டது. நாங்களும் போட்டோம். குடியேறும் முன் உடற்பரிசோதனை உண்டு. அதை எல்லோரும் மெடிக்கல் என்பார்கள். வீட்டில் ஒருவர் தேறாவிட்டாலும் மொத்தக் குடும்பத்துக்கும் சிக்கல்.

“இப்ப ஆஸ்பத்திரி பக்கம் போவாதே. ஒரு தரம் சீக்குன்னு எழுதிட்டாங்கன்னா எல்லாம் கதம். மெடிக்கல் முடியட்டும், அங்க போயி நல்ல டாக்டருங்ககிட்ட காட்டலாம்,” என்றார் கணவர்.

இது அவர் ஒருவரின் யோசனை இல்லை. கோயிலில் பிரசாதம் வாங்கியபடியே பெண்கள் இதைத்தான் பேசினார்கள். சர்க்கரை உள்ளவள் மருந்தை விட்டுவிட்டுச் சோற்றைக் குறைத்தாள். மார்பில் கட்டி இருந்தவள் மருத்துவமனை வாசலையே மிதிக்கவில்லை. நோயைப் பதுக்கி வைப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம்.

பொறுக்க முடியாமல் ஒருமுறை கணவருக்குத் தெரியாமல், சுவாவில் இருந்த தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் என் முதுகைத் தொடக்கூட இல்லை.

“பொம்பளைங்களுக்கு இடுப்பு வலி சகஜம்மா. நல்லா படுத்து ரெஸ்ட் எடுங்க.”

எலும்பு நிபுணரைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“அவர் போன மாசமே சிட்னிக்குப் போயிட்டாரே. எனக்கும் பேப்பர் வந்தாச்சு,” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு ஓர் அறை விட வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் அவர் சொன்னபடி படுத்தேன். முதுகு இன்னும் இறுகியது.

இரண்டு வருடம் கழித்து மெடிக்கலுக்கு அழைப்பு வந்தது. வலி மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனேன். பரிசோதித்த மருத்துவர் குனியச் சொன்னார். என் கை முழங்காலைத் தாண்டவில்லை. கணவர் முந்திக்கொண்டு, திருவிழாவில் கரகம் தூக்கியதால் சுளுக்கு என்று அளந்துவிட்டார். மருத்துவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. நாடாவை என் இடுப்பில் வைத்து அளந்தார். எலும்பு எலும்பாக அழுத்திப் பார்த்து, படம் எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் நோயின் பெயரைச் சொன்னார்: அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பு மூட்டுகள் அழன்று, நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும் நோய்). ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இந்த அளவுக்கு முற்ற விட்டிருக்க வேண்டாம் என்றார்.

மருந்து எழுதித் தரக் கேட்டேன். “அது இங்கே என் வேலை இல்லை. நீங்கள் அந்த நாட்டுக்குப் போகத் தகுதியா என்று பார்ப்பதுதான் வேலை,” என்றார்.

என் முதுகை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தவர், என்னைத் தள்ளுவதா கொள்வதா என்று தீர்மானிக்கத்தான் பார்த்தார். சந்தையில் மாட்டைக்கூட அப்படித்தான் பார்ப்பார்கள்.

மனு தள்ளுபடியானது. “உன் முதுகாலதான் எல்லாம் போச்சு,” என்றார் கணவர்.

“ஆமாங்க, என் முதுகுதான். இனிமே நானே பாத்துக்கறேன்,” என்றேன்.

அந்த நோயின் பெயரைச் சொல்லி அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றேன். அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகளும் தினசரிப் பயிற்சியும் கிடைத்தன. சில வாரங்களில் காலை வலி தணிந்தது. ஒட்டிப்போன எலும்புகள் மட்டும் ஒட்டியபடியே இருக்கின்றன.

காலையில் இறுகி, நடந்தால் தளரும் வலி உங்களுக்கு இருந்தால் இன்றே போங்கள். எந்த நாட்டுக்காகவும் காத்திருக்காதீர்கள். காத்திருந்த அந்த இரண்டு வருடங்கள் மற்றவர்களுக்குக் கடந்துபோயின. எனக்குப் போகவில்லை. என் இடுப்பில் எலும்பாக நிற்கின்றன. விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனியும்போதெல்லாம், இதற்கு மேல் விடமாட்டோம் என்கின்றன.