புஷ்பலதாவுக்குப் பொறுமை கிடையாது

செய்தி வந்தபோது நான் பெட்டாலிங் ஜெயாவில் சிவப்பு விளக்கில் நின்றிருந்தேன். புஷ்பலதாவின் தம்பி அழைத்தான். "அண்ணே, அக்கா போயிட்டாங்கண்ணே. ஹார்ட் அட்டாக். காலையில வேலைக்குக் கிளம்பிட்டு இருந்தாங்க." பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். இன்னும் முடியவில்லையே புஷ்பா என்ற கோபம்.

அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு அது எந்த வேலை என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தலைமுடி அளவே தடிமனுள்ள கண்ணாடி இழை. அதன் நுனியில் ஒரு துளி ஜெல். அந்த ஜெல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தங்கத் துகள்கள். துளியே செக்கச் செவேலென்று இருக்கும். புண்ணில் சீழ் பிடிக்கத் தொடங்கினால் அதன் அமிலத்தன்மை குறையும், ஜெல் உப்பும், தங்கத் துகள்கள் விலகும், இழை வழியே திரும்பி வரும் ஒளி மாறும். ஒளி என் பொறுப்பு, ஜெல் அவருடையது.

அவர் இதில் இறங்கியதற்குக் காரணம் அவருடைய அப்பா. துறைமுகத்தில் வேலை பார்த்தவர், பண்டமாரானில் வீடு. சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தபோது தாமதமாகிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. "கட்டப் பிரிக்காமலே உள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும். அவ்ளோதான் லா," என்பார் புஷ்பா.

எட்டு மாதம் அந்த ஜெல் நுனியில் நிற்கவே இல்லை. ஈரம் பட்டதும் வழுக்கி விழுந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நான் பொறுமை இழந்து, "உங்க ஜெல் சரியில்ல புஷ்பா," என்றேன். அவர் ரசத்தைத் தள்ளி வைத்தார். "என் ஜெல்ல குத்தம் சொல்லாதீங்க ரவி. முதல்ல உங்க கண்ணாடியப் பாருங்க." நான் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து நான் விடுப்பில் போயிருந்தபோது அவரே பார்த்தார். கண்ணாடியையும் ஜெல்லையும் பிணைக்க நான் பூசி வந்த திரவம் ஈரக்காற்று பட்டுக் கெட்டுப் போயிருந்தது. புதுப் புட்டியைத் திறந்து பூசினார். ஜெல் பத்து நாள் அசையாமல் நின்றது. எங்கள் குழுக் கூட்டத்தில், "பூச்சை மாற்றினோம்," என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

அதன்பின் நோயாளிகளிடம் சோதிக்க, அனுமதி தரும் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தோம். விண்ணப்பம் மூன்று முறை திரும்பியது, ஒருமுறை ஒரு கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்பதற்காக. மூன்றாம் முறை திரும்பியதும் புஷ்பா நேராக அங்கிருந்த அதிகாரியின் அறைக்குப் போனார். நானும் கூட இருந்தேன். "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் புவான்," என்று மலாய் மரியாதையோடு சொன்னார் அதிகாரி. "சார், புண்ணு உங்க மீட்டிங்குக்காகக் காத்திருக்காது," என்றார் புஷ்பா. அந்தக் கூட்டம் தள்ளிப்போனது. பிறகு இன்னொரு முறை தள்ளிப்போனது.

இறுதிச் சடங்குக்கு அதே அலுவலகத்திலிருந்து மலர்வளையம் வந்தது. அது மட்டும் நேரத்துக்கு வந்தது.

சக்கர நாற்காலியில் இருந்த அவருடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அது வேலை செய்யுதா?"

"செய்யுதுப்பா."

"அப்புறம் ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரல?"

பக்கத்தில் நின்றவர்கள் அவரைத் தேற்றினார்கள். அவர் ஆறுதல் கேட்கவில்லை, காரணம் கேட்டார்.

இப்படி எழுதும்போது இறந்தவரின் பொறுமையைப் புகழ்வது வழக்கம். புஷ்பலதாவிடம் அது இல்லை. தாமதத்தை விதி என்று ஏற்றுக்கொள்ள அவருக்குத் தெரியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும், அதுதான் என் குறை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பொறுமையின்மையை. நான்காவது விண்ணப்பம் திங்கட்கிழமை போகிறது. முதல் பெயர் அவருடையது. இறந்தவர் பெயர் முதலில் வரக் கூடாது என்று திருப்பி அனுப்பினால், ஐந்தாவதிலும் அதுவே முதலில் இருக்கும்.