கண்ணைக் கட்டிப் பறந்த ட்ரோன்

ராதிகா என்கிற பெயரை நான் முதலில் கேட்டது ரேஷன் கடை வரிசையில். "அந்த ராதிகாவை வயல் பக்கம் வுடாதீங்க. மருந்து அடிக்கிறேன்னு சொல்லிகினு நெலத்தை அளக்குறா" என்றார் எனக்கு முன்னால் நின்ற ரங்கசாமி.

யார் மருமகள் என்று விசாரித்தால், என் ஓர்ப்படியின் தங்கை மகன் அன்பரசுவின் மனைவி. ட்ரோன் ஓட்டப் படித்துவிட்டு எங்கள் முள்ளிப்பட்டுக்கு வாழ வந்தவள். அன்பரசு செய்யாறுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன். கம்பெனிக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. சந்தேகத்துக்கு இதுக்குமேல் என்ன வேண்டும்?

ஐப்பசியில் ரங்கசாமியின் நெல்லில் புகையான் பூச்சி விழுந்தது. வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்தது. அந்த நெல்தான் அவர் வீட்டுக்கு வருஷச் சாப்பாடு. கையால் மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் ராதிகாவையே கூப்பிட்டார்.

"அதோட கண்ணைக் கட்டிட்டு வுடு."

"குதிரைக்குக் கட்றாப்பலயா மாமா?" என்று சிரித்துக்கொண்டே கேமராவின்மேல் கறுப்பு டேப் ஒட்டினாள்.

ட்ரோன் நேராகப் போனது, வரப்பு வந்ததும் திரும்பியது. பாதி வயல் முடிந்தபோது ரங்கசாமியின் மனைவி சின்னம்மாள் கத்தினாள்.

"கண்ணைக் கட்டியும் வரப்பு தாண்டலியே! நம்ம மூலை முடுக்கெல்லாம் அதுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்குது!"

"காலைல ரிமோட்டை எடுத்துகினு வரப்பை சுத்தி வந்தேனே அத்தே, அப்ப குறிச்சது. பக்கத்து வயல்ல மருந்து விழக்கூடாதில்ல?"

"அப்ப அளந்தேன்னு ஒத்துக்கிற."

"அந்த அளவு இப்ப எங்கடி இருக்குது?" என்று வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நானும் கேட்டேன்.

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இந்த ரிமோட்ல இருக்குது பெரிம்மா. ட்ரோன் வித்தவங்களுக்கும் போவும்னு நெனைக்கிறேன். அவங்க யாருக்குக் குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"எறக்கு" என்றார் ரங்கசாமி.

"பாதி வயல் மிச்சம் இருக்குதே மாமா!"

"காயட்டும். நெலம் இருந்தா அடுத்த போகம் வெச்சிக்கலாம்."

மருந்து பட்ட பாதி விளைந்தது. மற்ற பாதி வைக்கோலுக்குக்கூட ஆகவில்லை. ஆனி பிறக்கும் முன்பே அவர்கள் காசு கொடுத்துக் கடையில் அரிசி வாங்கினார்கள். நிலத்தைக் கேட்டு யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று நானும் சொல்லமாட்டேன். அதன்பிறகு எங்கள் ஊரில் ராதிகாவை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது அவள் தெள்ளாரில் தாய்வீட்டில் இருந்துகொண்டு, அந்தப் பக்கத்து வயல்களுக்கு மருந்து அடிக்கிறாள்.