கண்டக்டர் கழற்றித் தந்த கண்ணாடி

மாரண்டஹள்ளியில் பஸ் ஏறும்போதெல்லாம் "தர்மபுரி போகுமாங்க?" என்று கேட்பேன். ஆளுக்கொரு கேலி சொல்லி டிக்கெட் கிழிக்கும் கட்டைமீசைக் கண்டக்டர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, தெனமும் கேக்கற. போர்டு படிக்கத் தெரியாதா?"

பஸ்ஸே சிரித்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான், உடம்பு கூசியது.

"காலேஜ் படிக்கறேங்க. தூரத்து எழுத்து கலங்கலாத் தெரியுதுங்க."

அவர் சிரிக்கவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டினார்.

"அந்தக் கடை போர்டைப் படி."

தடுமாறாமல் படித்தேன்.

"கொறை படிப்புல இல்ல, கண்ணுல. நாளைக்கே ஆஸ்பத்திரில காட்டு. பரீட்சை வரைக்கும் தள்ளாத."

காட்டினேன். கண்ணாடி வந்தபின் கடைசி பெஞ்சிலிருந்தும் கரும்பலகை தெரிந்தது.

எனக்கு மாட்டிவிட்ட அன்று, பாலக்கோடு வரை அவர் தன் கண்ணாடியைத் திருப்பிக் கேட்கவேயில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தவர்களை எப்படித்தான் பார்த்து விசில் அடித்தாரோ!