ஓர் அங்குலம் நீண்ட விறகு

தங்கையைப் பற்றிப் பேச்சு வந்தால் தையல்காரருக்குக் கை வேலையில் நிற்காது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். தங்கையோ நகரத்திலேயே நீளமான பஸ்ஸை ஓட்டுகிறவள். நடுவில் மடிந்து திரும்புமே, அந்த இரட்டைப் பஸ். "மார்க்கெட் வளைவுல ஒரே திருப்புத்தான். கண்ணாடி சுவர்ல உரசாது" என்று அவர் சொல்லி முடிக்கும்வரை, அளவு கொடுக்க வந்தவர் கையைத் தூக்கியபடியே நிற்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் அந்தப் பஸ்ஸின் படியிலேயே வழுக்கி விழுந்து, அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, எந்த வேலையும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்குத்தான் அந்தக் கையின் மேல் நம்பிக்கை வரவில்லை. வேலைக்குத் திரும்புவதற்கு, திங்கட்கிழமை டிப்போவில் அதிகாரியின் முன்னால் பஸ்ஸை ஓட்டிக் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை இருவரும் மலைச்சரிவில் இருந்த தங்கள் மரவீட்டுக்குப் போனார்கள். ஒரே அறை, ஓர் இரும்பு அடுப்பு, இரண்டு கட்டில். வார இறுதியில் மட்டும் திறக்கிற வீடு. பையை இறக்கும்போதே அவள் சொன்னாள்:

"டிக்கெட் ரூம்ல ஒரு நாற்காலி காலியா இருக்காம் அண்ணா. எழுதிக் கொடுத்துடலாம்னு பார்க்குறேன்."

என்ன சொல்வது என்று தெரியாதபோது தையல்காரர் ஏதாவது வேலையில் இறங்கிவிடுவார். கோடாலியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

விழுந்து கிடந்த மரம் ஒன்றைப் போன வாரமே அவர் துண்டு போட்டு வைத்திருந்தார். அடுப்பின் உள்ளளவை டேப் வைத்து எடுத்து, மரத்தில் சாக்குக்கட்டியால் கோடு கிழித்து, பக்கத்து வீட்டுக்காரரின் இயந்திர ரம்பத்தால் அறுத்த துண்டுகள். எல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றன. பிளப்பதுதான் பாக்கி. முதல் துண்டில் ஓங்கிப் போட்டார். கோடாலி சிக்கிக்கொண்டது. இழுத்தால் கட்டையும் சேர்ந்து வந்தது.

"பட்டன் தைக்கிற கைக்கு எதுக்கு இந்த வேலை? கொடு இங்க" என்றாள் தங்கை.

"வேண்டாம் பாப்பா, கை..."

நாற்பது வயது பாப்பா அதற்குள் கோடாலியை அசைத்து உருவியிருந்தாள். வலது கை காம்பில் வழுக்கி வர, இடது கை அடியை இறுக்கிப் பிடித்தது. மூன்று வெட்டில் கட்டை நான்காகப் பிளந்தது. அவள் உடனே கோடாலியைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைத் தடவினாள்.

"போதும்" என்றாள்.

தையல்காரர் விறகை எடுத்துப்போய் அடுப்பில் வைத்தார். அடுப்புக் கதவு மூடவில்லை. திருப்பி வைத்தார், அப்போதும் மூடவில்லை. டேப்பை எடுத்து அளந்தார். விறகு அடுப்பைவிட ஓர் அங்குலம் நீளம். அவருக்கு முகம் சுருங்கிப்போனது.

"என்னாச்சு?"

"பழக்க தோஷம். தையலுக்குன்னு ஓர் அங்குலம் கூடுதலா விட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மரத்தை மடிச்சு அடிக்கப் போறியா? அத்தனை துண்டும் இப்படித்தானா?"

"எல்லாம் ஒரே அளவு" என்றார் அவர். அந்த நிலையிலும் அதில் ஒரு பெருமை இருந்தது.

ரம்பத்துக்காரர் வீடு பூட்டியிருந்தது. குளிர் இறங்கத் தொடங்கியது. அவள் அடுப்பின் முன்னால் குந்தி, ஒரு சிராயை மூலைக்கு மூலை சாய்த்து வைத்துப் பார்த்தாள். கதவு மூடியது.

"மெலிசா இருந்தா சாய்ச்சு வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவளே வெளியே போனாள்.

நான்காகப் பிளக்க வேண்டியதை இப்போது பத்தாகப் பிளக்க வேண்டியிருந்தது. தையல்காரர் துண்டுகளை எடுத்து நிறுத்திக் கொடுத்தார்; அவர் கண் அவளுடைய இடது கையைவிட்டு நகரவில்லை. முதலில் அது காம்பை நெரித்துக்கொண்டிருந்தது. போகப் போகப் பிடி தளர்ந்தது. ஒரு துண்டில் கணு இருந்தது. கோடாலி 'ணங்'கென்று எகிறியது. அவள் மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு துண்டைத் தலைகீழாக நிறுத்தி, கணுவை விட்டு ஓரத்தில் போட்டாள். பிளந்தது.

"வலிக்குதா?"

"உள்ளங்கைதான் எரியுது. அது ரெண்டு கையிலயும் எரியுது."

அடுப்பு பற்றிக்கொண்ட பிறகு, இருவரும் அதன் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அவள் இன்னொரு விறகை உள்ளே சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்:

"திங்கட்கிழமை கடையைப் பூட்டிட்டு டிப்போவுக்கு வரலாம்னு இருக்கியா?"

"நீ ஓட்டப் போறியா?"

"ஓட்டாம? ஆனா உன்னை உள்ள விட மாட்டாங்க. கேட்டுக்கு வெளியில நில்லு. பஸ் வெளிய வர்றப்போ ஹாரன் அடிக்கிறேன்."

"டெஸ்ட்ல அப்படி அடிக்கலாமா?"

"ஒரே ஒரு தடவை அண்ணா."

தையல்காரர் தலையாட்டினார். கேட்டருகே நிற்க எந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டார்.