ருக்கியா முகம் கழுவிய விதம்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட இருந்த ஹாஷிம் ஹாஜியாரின் கடையில், கிறீம், பவுடர் விற்கும் பகுதியில் ருக்கியா பதினொரு வருடமாக வேலைக்கு நின்றாள். வருகிற பெண்களுக்கெல்லாம் ஒரே பாடம்தான்.

"பூசினதோட படுக்க வாணாம். முதல்ல கைய கழுவுங்க. பொறகு கிளென்சர விரல் நுனியால மெதுவா தடவுங்க, காதடி, கழுத்து எல்லாம். தண்ணி சூடா இருக்கப்படாது. துவாயால தேய்க்காம ஒத்தி எடுங்க."

அவள் மட்டும் அப்படிச் செய்ததில்லை. அக்குறணையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனதும் உடுப்புச் சவுக்காரத்தையே முகத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் குசினிக்குள் நுழைந்துவிடுவாள்.

ஒரு நாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி உளூச் செய்யும்போது, வாய் கொப்பளித்த தண்ணீர் இடது கடைவாயால் வழிந்து சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தாள். முகத்தின் இடது பக்கம் தொய்ந்து கிடந்தது. இடது கண் மூடவில்லை. ஓட்டோ ஓட்டும் அவள் கணவன் அஸ்ஃபர் அப்போதே அவளை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போனான்.

"பாரிசவாதம் இல்லை, முக நரம்புதான் வீங்கியிருக்கு. கனபேருக்குச் சுகம் வாறது. ஆனா மாதக்கணக்கு எடுக்கும்," என்றார் டொக்டர் பிரியாந்தினி.

அவர் எழுதிக்கொடுத்தது குளிசை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, படுக்கும்போது கண்ணில் பூச ஒரு களிம்பு, இமையை மூடி ஒட்ட ஒரு டேப். ருக்கியா எல்லாவற்றையும் வாங்கிப் பையில் போட்டாள். அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை.

ஒரு கிழமை கழித்துக் கடைக்குப் போனபோது ஹாஜியார் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மகள், கொஞ்ச நாளைக்கி உள்ளுக்கு நில்லுங்க. ஸ்டிக்கர் ஒட்டுற வேல இரிக்கி."

"சரி ஹாஜியார்."

பின்னறையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒட்டினாள். வருத்தப்பட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

வழமைபோல் முகத்தில் இழுத்த உடுப்புச் சவுக்காரம் பட்டு இடது கண் சிவந்தபோது டொக்டர் கடிந்துகொண்டார். "கண் மூடேல்லை, அதுக்குள்ள சவுக்காரம் விட்டா புண் வந்திடும். கழுவேக்க ஆரையாவது இமையைப் பிடிச்சிருக்கச் சொல்லுங்கோ."

அன்று கடையிலிருந்து வாசமில்லாத கிளென்சர் போத்தல் ஒன்று வாங்கிவந்தாள். அந்தியில் மஃரிப் தொழுதபின் முகம் கழுவும் பேசினுக்கு முன்னால் நின்றாள். அஸ்ஃபர் கை கழுவிவிட்டு வந்து, பெருவிரலால் அவள் இடது இமையைக் கீழே இறக்கிப் பிடித்தான்.

"நோவுதா?"

"இல்ல."

"கழுவு."

டேப்பின் பசை, களிம்பு, பகலின் தூசு எல்லாவற்றையும் மெதுவாகக் கழுவினாள். கலியாணம் முடித்துப் பதினைந்து வருடத்தில் அவன் இப்படி வெளிச்சத்தில் அவள் முகத்தைத் தொட்டதில்லை. அவன் விரலிலிருந்து பெற்றோல் வாடை இன்னும் போகவில்லை. அவன் தொடுவது தெரிந்தது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் அவன் அந்த நேரத்துக்கு ஹயருக்கு ஆள் ஏற்றாமல் வீட்டுக்கு வந்தான். கழுவி முடிந்ததும் துவாயை நீட்டுவான், அவள் ஒத்தி எடுப்பாள், அவன் மறுபடி ஓட்டோவுக்குப் போய்விடுவான்.

மூன்றாம் மாதம் புருவம் அசைந்தது. நாலாம் மாதம் கண் முழுதாக மூடியது. வாய் மட்டும் சற்றுக் கோணலாகவே நின்றது. ஹாஜியார் அவளை முன்னுக்கு அழைத்தார், அவளும் போனாள். யாராவது கேட்டால், "நரம்பு வருத்தம், இப்ப சொகம்" என்பாள்.

கண் மூடிய அந்தக் கிழமைதான் ஒரு மாலை, அஸ்ஃபர் வழமைபோல் கையை உயர்த்தினான்.

"இப்ப மூடுது," என்றாள் ருக்கியா, கண்ணை மூடிக் காட்டி.

அவன் குனிந்து பார்த்தான். "அல்ஹம்துலில்லாஹ். அப்ப நான் வரத் தேவல்ல, என்ன?"

"தேவல்ல."

கையை இறக்கிக்கொண்டு வெளியே போனான். ஓட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம் என்று தோன்றியது. ருக்கியா கிளென்சரைக் கையில் ஊற்றினாள்.