படாக் பலகையில் ஒரு சைடுகார்

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் நான் போர்ட் பிளேரில் ஒரு படகுப் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். ஜங்லிகாட்டில் குவார்ட்டர்ஸ். என் மனைவிக்குச் சௌல்தாரி கிராமத்து ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். இரண்டும் பள்ளிக்கூட மணிக்கு ஒத்துவராது. அதனால் அவள் நான்கு வயது மகளோடு அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்த்து வருவேன். மாற்றல் கேட்டு எழுதிய மனுவுக்கெல்லாம் ஒரே பதில்தான்: மெயின்லேண்டிலிருந்து வேறு டீச்சர் வரட்டும், பார்க்கலாம். கப்பல் வரும், டீச்சர் வரமாட்டார். கல்யாணமான மனுஷன் நான், தனியாகச் சோறு பொங்கித் தின்றுகொண்டிருந்தேன். யார்மேல் என்று இல்லாமல் எல்லார்மேலும் எரிச்சல்.

அப்போதுதான் ஜங்லிகாட்டில் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை பாயின் கொல்லையில் அந்த வண்டியைப் பார்த்தேன். யுத்த காலத்து ராணுவ மோட்டார் சைக்கிள். கொப்பரைச் சாக்குகளுக்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. “எடுத்துட்டுப் போங்க கிளார்க்கு, எடமாவது ஒழியும்” என்றார் பாய். மூன்று பேர் சேர்ந்து உருட்ட முடியாமல் தூக்கித்தான் கொண்டுவந்தோம்.

எனக்கு மோட்டார் சைக்கிள் தெரியாது. ஸ்டோரில் ஆயிரம் உதிரி பாகங்களின் பெயரை மனப்பாடமாகச் சொல்வேன். ஒரு நட்டைத் திருகியதில்லை. ஆனாலும் பட்டறையில் யாரையும் கேட்க எனக்கு மனசில்லை. கேட்டால் இளக்காரமாகப் பேசுவார்கள் என்ற நினைப்பு. நானே பிரித்தேன். ஹெட்லைட்டைத் திறந்தால் உள்ளே பூரான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் மாற்றி மாற்றி ஊற்றி மூன்று வாரம் காத்திருந்தேன். பெட்ரோல் டாங்கிக்குள் ஜல்லியைப் போட்டுக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கித் துருவை எடுத்தேன். கார்ப்பரேட்டர் துளையை ஈர்க்குச்சியால் குத்தினேன். குச்சி உள்ளேயே ஒடிந்தது. கோபத்தில் ஸ்பேனரை வீசினேன். அது மரவள்ளிப் பாத்திக்குள் போய் விழுந்தது. அந்த அளவில் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். கொட்டுகிற மழையில் குனிந்து அரை மணி நேரம் தேடினேன்.

மெட்ராஸுக்கு எழுதி வரவழைத்த கிளட்ச் தட்டு இரண்டு கப்பல் தவறி மூன்றாவதில் வந்தது. வந்ததும் அளவு வேறு. பாழாய்ப்போன அந்தத் தட்டை நானே அரத்தால் ராவிச் சேர்த்தேன். துருப்பிடித்த ஹேண்டில்பாரை எறிந்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை வளைத்து மாட்டினேன். படகுக்கு அடித்து மிஞ்சிய சாம்பல் நிறப் பெயிண்டை அடித்தேன். ஆனி மாதம் ஒரு காலையில், எத்தனையாவது உதையிலோ, வண்டி உறுமியது. கிக்கர் திருப்பி அடித்து முழங்கால் வீங்கியிருந்தது. அன்றைக்கு எனக்கு வலிக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஏற்றிவர சைடுகார் வேண்டும் என்று முடிவு செய்தேன். காலையில் பள்ளியில் இறக்கிவிட்டு நான் வேலைக்கு வரலாம்; மாலையில் அழைத்துக்கொண்டு ஜங்லிகாட் வீட்டுக்கே திரும்பலாம். அதுதான் திட்டம்.

சட்டத்தைப் பழைய இரும்பில் நானே அடித்துக்கொண்டேன். மேல்பெட்டிக்குப் படகு கட்டும் மிஸ்திரியிடம் போனேன். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர், வாழ்க்கையில் டிங்கிப் படகைத் தவிர வேறெதையும் கட்டாதவர். படாக் மரப் பலகையை வளைத்து, விலா வைத்து, இடுக்கெல்லாம் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசினார். முன்பக்கம் படகு மாதிரியே கூராக இருந்தது. பழக்கதோஷத்தில் கயிறு கட்டும் வளையம்கூட வைத்துவிட்டார். “பாபு, ஏக் பூந்த் பானி நஹீ ஆயேகா” என்று அடிப்பலகையைத் தட்டிக் காட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராதாம். நானும் தலையை ஆட்டினேன். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊரில், தண்ணீர் கீழேயிருந்து மட்டும்தான் வரும் என்று எங்கள் இருவருக்கும் எப்படித் தோன்றியது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. படகுகளோடு இருந்து இருந்து எங்கள் புத்தி அப்படி ஆகிவிட்டது.

ஆனியில் ஓடிய வண்டிக்குச் சைடுகார் பூட்டி முடிக்கப் புரட்டாசி ஆனது. பாய் கடை வாசலில் நின்று பார்த்தார். “என்ன கிளார்க்கு, இது ரோட்டுல போறதா, கப்பல் ஜெட்டியில கட்டுறதா?” என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வண்டியை உதைத்துக் கிளப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சௌல்தாரியில் மனைவியையும் மகளையும், பாத்திர மூட்டையையும் சைடுகாரில் ஏற்றினேன். இனி ஒரே வீடு. பாதி வழியில் மழை பிடித்தது. நம் ஊர் மழை அல்ல, குடத்தோடு கவிழ்க்கிற அந்தமான் மழை. நிற்கக் கூடாது என்று நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். வண்டி இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். ஏற்றத்தில் திணறி, இருமி, நின்றே போனது.

இறங்கித் திரும்பிப் பார்த்தேன். சைடுகாரில் முழங்கால் அளவு தண்ணீர். மகள் நனைந்த கோழிக்குஞ்சு போல அம்மா மடியில் ஒட்டியிருந்தாள். மனைவி டிபன் கேரியர் அடுக்கால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே இறைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக இறைத்தாளோ தெரியாது. மிஸ்திரி சொன்னது உண்மை. உள்ளே வந்த தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மிஸ்திரியைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், கடைசியில் அவளையே திட்டினேன். “வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது? ஊமையா நீ?”

“கத்திக்கிட்டேதான் வந்தேன். உங்களுக்குக் கேக்கல” என்றாள். அடுக்கைக் கீழே வைக்கவில்லை. “ஒண்ணு கேக்கவா? வண்டி ஆனி மாசமே ஓடுச்சுல்ல?”

“ஓடுச்சு. அதுக்கென்ன இப்ப?”

“தனியா ஏறி ஒரு நாள் சாயங்காலம் எங்ககிட்ட வந்திருக்கலாம்ல? ராத்திரி இருந்துட்டுக் காலையில வேலைக்குப் போயிருக்கலாம்ல? மூணு மாசம் எங்களத் தூக்கிட்டுப் போக பொட்டி செஞ்சீங்க. நீங்க வரணும்னு ஒரு நாளாச்சும் தோணுச்சா?”

“யாருக்காகடீ இவ்வளவும் செஞ்சேன்?” என்று கத்தினேன். அவள் மறுபடி இறைக்க ஆரம்பித்தாள்.

பதில் என்னிடம்தான் இருந்தது. பெண்டாட்டிக்கு வேலை கிடைத்த ஊரில், பெண்டாட்டி எடுத்த அறையில் போய்ப் படுத்துக்கொள்பவன் என்று பட்டறையில் பேசுவார்கள். வீடு என்றால் அது என் பெயரில் இருக்கிற குவார்ட்டர்ஸ்தான். அவள்தான் வர வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமேகூட. மழை விடும்வரை ரோட்டோரத்தில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். இத்தனை நாள் யார் யாரையோ திட்டியதற்கு நான்தான் சரியான ஆள்.

மழை விட்டதும் வண்டியைத் திருப்பிச் சௌல்தாரிக்கே தள்ளினோம். அறை வாசலில் நான்கு போல்ட்டையும் கழற்றிச் சைடுகாரை இறக்கினேன். வீட்டுக்காரர் அதைத் தன் எருமைகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைத்துக்கொண்டார். பிளக்கைத் துடைத்து உலர்த்தியதும் இஞ்சின் கிளம்பிவிட்டது. விடிந்ததும் நான் அங்கிருந்தே வேலைக்குப் போனேன்.

அன்று மாலை பட்டறை விட்டதும், குவார்ட்டர்ஸைப் பூட்டிவிட்டு நேரே சௌல்தாரிக்கு வந்தேன். சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள், உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, அப்பா வந்திருக்காங்க. இன்னைக்கும் ஞாயித்துக்கெழமையா?” என்று கேட்டாள்.